எழவில்லாத ஓட்டம்

காளியப்பன் ஓடி வருகிறான் என்றால் யாரோ செத்துப்போனார்கள் என்று அர்த்தம். ராசிபுரத்துக்கும் சேலத்துக்கும் நடுவே நாச்சிமுத்துக் கவுண்டருக்கு உறவுமுறை இருந்த ஊர்களில் எல்லாம் இது சின்னக் குழந்தைக்கும் தெரியும். இடுப்பில் துண்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு, கையில் ஒரு குச்சியோடு, செருப்பில்லாத கால் தரையில் பட்டதா இல்லையா என்று தெரியாமல் வருவான். களத்தில் சோளம் தூற்றிக்கொண்டிருந்த பெண் முறத்தைக் கீழே வைத்துவிடுவாள். சிரித்துப் பேசிக்கொண்டிருந்தவர்கள் வாயை மூடிக்கொள்வார்கள். அவன் இன்னார் என்று சொல்வதற்கு முன்னாலேயே ஏதாவது ஒரு வீட்டில் ஒப்பாரி கிளம்பிவிடும்.

அவன் கவுண்டரின் பண்ணையத்து மாதாரி, தோல் வேலைச் சாதிக்காரன். மற்ற நாளெல்லாம் மாடு பூட்டிக் கிணற்றில் கவலை ஓட்டுவான். தண்ணீர் இறைக்கிற தோல் சால் கிழிந்தால் அவன்தான் தைப்பான். அவன் மனைவி குஞ்சம்மாள் கட்டுத்தறியில் சாணி வழிப்பாள். கவுண்டர் வீட்டிலோ பங்காளிகள் வீட்டிலோ ஓர் உயிர் போனால் மட்டும் அவன் கால்கள் எல்லோருக்கும் வேண்டியதாகிவிடும். அப்பன் வழி வந்த வேலை. முப்பத்திரண்டு வயதுக்குள் நாற்பது சாவுக்காவது ஓடியிருப்பான்.

அதற்கென்று முறைகள் உண்டு. வாசல் ஏறக் கூடாது. எட்ட நின்று சொல்ல வேண்டும். சொல்லி முடிக்கும்வரை எங்கேயும் வாய் நனைக்கக் கூடாது. வழியில் யார் எதிர்ப்பட்டு, "யாருடா?" என்று கேட்டாலும் நின்று பதில் சொல்லிவிட்டுத்தான் போக வேண்டும். சொல்லாமல் தாண்டிப் போவது ஒரே ஒரு சமயத்தில்தான். செத்தவர் கேட்டவருக்குச் சொந்த ரத்தமாக இருந்தால், நடுரோட்டில் அவர் நெஞ்சு வெடித்துவிடக் கூடாதே என்று, தலையைக் குனிந்துகொண்டு தாண்டிப் போய் அந்த வீட்டு ஆண்களிடம் சொல்வான். அதனால் காளியப்பன் பதில் சொல்லாமல் போனால் அதுவே பதில்.

முப்பத்தைந்தாம் வருஷம் சித்திரையில் வெள்ளைக்கார மகாராஜா பட்டத்துக்கு வந்து இருபத்தைந்து வருஷம் ஆனதென்று சேலம் முழுக்கத் தோரணம் கட்டினார்கள். நமக்கும் அந்த ராஜாவுக்கும் என்ன கொடுக்கல் வாங்கல் என்று யாரும் கேட்கவில்லை. செவ்வாய்ப்பேட்டைக் கடைகளில் சர்க்கரை கொடுத்தார்கள் என்றதும் சனம் வண்டி கட்டிக்கொண்டு போனது. சேலத்தில் இருந்த ஏதோ ஒரு சங்கத்தார் ராசிபுரத்திலிருந்து சேலம்வரை ஓட்டப்பந்தயம் வைத்தார்கள். பதினாறு மைல். ஊருக்கு ஓர் ஆள். முதலில் வருகிறவனுக்கு வெள்ளிக் கோப்பை.

கவுண்டர் கிணற்றடிக்கு வந்தபோது காளியப்பன் பத்தாவது சால் தண்ணீரை மேலே இழுத்துக்கொண்டிருந்தான்.

"ஏண்டா காளியா, பதினாறு மைலு ஒரே மூச்சுல ஓடுவியா?"

மாடுகளை அப்படியே நிறுத்திவிட்டான். தலைத் துண்டு தானாக இடுப்புக்கு வந்துவிட்டது.

"யாருங்க சாமி?"

"எவனும் சாவுலடா. எழவு எடுத்தவனே, மொதல்ல கேளு. இது எழவில்லாத ஓட்டம்."

"எழவில்லாம எதுக்குங்க சாமி ஓடறது?"

கவுண்டருக்கே சிரிப்பு வந்துவிட்டது. வரப்பில் உட்கார்ந்து விளக்கிச் சொன்னார். ரோட்டின் ரெண்டு பக்கமும் சனம் நிற்கும். முதலில் வருகிறவனைப் பார்த்தால் கை தட்டும். மாலை போடுவார்கள்.

"என்னயப் பாத்தா கை தட்டுவாங்களாங்க?"

"தட்டுவாங்க. ஆனா ஒண்ணுடா. ஊருப் பேர எழுதற எடத்துல ஒரு மாதாரி பேரு இருந்தா நாளைக்கு நாலு பேரு என்னயக் கேப்பான். நம்ம அண்ணன் மகன் பெரியசாமி இருக்கறானில்ல? அவன் பேர எழுதிக் குடுத்திருக்கறன். உன்ற வயசுதான், உன்ற ஒசரந்தான். கேட்டா பெரியசாமிக் கவுண்டன்னு சொல்லு. ஊட்டுலகூட மூச்சு உடாத."

பெரியசாமி தோட்டத்துக்கு நடந்து போனாலே நடுவில் ரெண்டு இடத்தில் உட்காருகிற ஆள். காளியப்பனுக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. சொல்லவே கூச்சமாக இருக்கிறது, அவனுக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. ஒரே ஒரு தடவை, தன்னைப் பார்த்ததும் முகம் மலர்கிற சனத்துக்கு நடுவில் ஓட வேண்டும் என்று ஆசைப்பட்டான். அதற்குக் காளியப்பனாக இல்லாமல் இருப்பதே நல்லது என்றுகூட அவனுக்குத் தோன்றியது.

பந்தயத்தன்று விடிவதற்கு முன்னால், சேலத்துக்குச் சுமை கொண்டுபோகிற வேலை என்று குஞ்சம்மாளிடம் சொல்லிவிட்டுப் போனான். ராசிபுரத்தில் கவுண்டர் அவனுக்கு ஒரு பனியன் கொடுத்தார். பெரியசாமியுடையது. முதுகில் ஏழு என்று எழுதிய துணியைத் தைத்துவிட்டார்கள். மேசை போட்டு உட்கார்ந்திருந்த சங்கத்துக்காரர் தலையை நிமிர்த்தாமல் பேரைக் கேட்டார்.

"பெரியசாமிக் கவுண்டனுங்க."

நாக்கு கொஞ்சம்கூடத் தடுக்கவில்லை. கவுண்டரும் பெரியசாமியும் மோட்டார் ஏறிச் சேலத்துக்கு முன்னால் போய்விட்டார்கள்.

முப்பது பேர் ஓடினார்கள். ஆண்டகளூர் தாண்டும்போது பதினைந்து பேர் பின்னால் நின்றுவிட்டார்கள். நாலாவது மைல் கல்லில் அவன் பக்கத்தில் யாரும் இல்லை. முறை தவறாமல் ஓடுகிறானா என்று பார்க்க, சங்கத்துக்காரர் ஒருவர் சைக்கிளில் கூடவே வந்தார். வெயில் ஏறவில்லை. காற்று கிழக்கிலிருந்து வந்தது. கால் அதுபாட்டுக்குப் போனது. சாவு வீட்டுக்கு ஓடும்போது நெஞ்சில் ஒரு சொல் கல்லு மாதிரி உட்கார்ந்திருக்கும், அதை எங்கே போய் இறக்குவது என்றே ஓடுவான். இன்றைக்கு நெஞ்சில் ஒன்றும் இல்லை. தெரியாத ஊர்களில் பையன்கள் கூச்சலிட்டுக்கொண்டு கொஞ்ச தூரம் கூட ஓடி வந்தார்கள். ஒரு கடைக்காரர் கை தட்டினார். காளியப்பன் வாய்விட்டுச் சிரித்துவிட்டான்.

தெரிந்த ஊர்கள் வந்ததும் எல்லாம் மாறிப்போயிற்று. கவுண்டரின் சம்பந்தி ஊரில் ஒரு கிழவர் தலைப்பாகையைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டார். தண்ணீர்க் குடத்தோடு வந்த ஒரு பெண் அப்படியே நின்று, குடத்தை இறக்கி வைத்துவிட்டு மாரில் கை வைத்தாள். "இல்லைங்க, ஒண்ணுமில்லைங்க" என்று கத்த நினைத்தான். கத்தினால் சைக்கிள்காரர் என்ன ஏதென்று கேட்பார்.

மல்லூரில் கவுண்டரின் அக்காள் நல்லம்மாள் ரோட்டோரத்தில் எருமையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அறுபது வயதுக்கு மேல். தூரத்திலேயே அடையாளம் கண்டுவிட்டாள். பின்னால் வருகிறவர்கள் ஒரு மைலுக்கு அந்தப் பக்கம் இருந்தார்கள். அவள் கண்ணுக்குத் தெரிந்தது காளியப்பனும் முன்னால் போகிற ஒரு சைக்கிளும்தான்.

"காளியப்பா! யாருடா?"

அவன் ஓடிக்கொண்டேயிருந்தான்.

"டேய் காளியப்பா, உன்னயத்தாண்டா! யாருடா சாமி?"

சைக்கிள்காரர் திரும்பிப் பார்த்தார். பெரியசாமிக் கவுண்டனைக் காளியப்பன் என்று கூப்பிட்டால் எவன் திரும்புவான்? சேதி சொல்லித் திரும்பும்போது அந்தக் கிழவியின் கையில் எத்தனை தடவை தண்ணீர் வாங்கிக் குடித்திருக்கிறான். அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. வெட்கத்தில் தலையைக் குனிந்துகொண்டான். குனிந்தபடியே அவளைத் தாண்டி ஓடினான்.

எருமைக் கயிற்றை நல்லம்மாள் கை விட்டது.

* * *

குஞ்சம்மாள் கட்டுத்தறியில் இருந்தபோது பத்துப் பத்தரை இருக்கும். தெருமுனையில் வண்டிச் சத்தத்தோடு ஒப்பாரியும் கேட்டது. "என்கூடப் பொறந்த பொறப்பே! அப்புனூ! இந்தக் கெழட்டுக் கட்டய உட்டுப்போட்டு நீ போயிட்டியே!" என்று நல்லம்மாள் வண்டியிலிருந்து விழாத குறையாக இறங்கினாள். ரெண்டு மருமகள்களும் பின்னால் இறங்கினார்கள். மடியில் மல்லூர்க் கடையைத் திறக்கச் சொல்லி வாங்கிய கோடி இருந்தது, பிணத்தின் மேல் போர்த்துகிற புது வேட்டி.

கவுண்டரின் மனைவி சென்னியம்மாள் மோர் கடைந்துகொண்டிருந்தாள். "யாருங்க அண்ணி?" என்று எழுந்து வந்தாள்.

"யாரா? உன்ற புருசன் எங்கடி?"

"சேலத்துல திருநாப் பாக்கோணும்னு காத்தாலயே போனாருங்களே."

"காளியப்பன் என்னயத் தாண்டிப் போனாண்டி! கேட்டன், தலையக் குனிஞ்சுக்கிட்டான்!"

அதற்கு மேல் யாருக்கும் விளக்கம் வேண்டியிருக்கவில்லை. சேலத்தில் இருக்கிறவர் செத்தால் சேதி சேலத்திலிருந்தல்லவா வர வேண்டும், இவன் ஏன் சேலத்தைப் பார்க்க ஓடினான் என்று ஒருவரும் யோசிக்கவில்லை. அழுகை வந்துவிட்டால் புத்தி ஒதுங்கிப் போய்விடும். சென்னியம்மாள் மோர்ப் பானையைத் தட்டிவிட்டு வாசலில் விழுந்தாள். பங்காளிகள் வந்தார்கள். யாரோ பந்தலுக்கு மூங்கில் வெட்டப் போனார்கள். மாதாரிகள் குடியிருக்கிற வளவிலிருந்து பெண்களையும் அழைத்து வந்து வெளி வாசலில் உட்கார வைத்தார்கள். அங்கேயிருந்து அழ வேண்டியது அவர்கள் கடமை. குஞ்சம்மாள் நாலு மணி நேரம் அழுதாள். தொண்டை கட்டிப்போயிற்று. மனசாரத்தான் அழுதாள் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

மூன்று மணி மோட்டாரில் வந்து இறங்கிய கவுண்டர் தெருவில் நடந்து வந்தார். கையில் வெள்ளிக் கோப்பை. பக்கத்தில் கழுத்து நிறைய மாலையோடு பெரியசாமி. பத்தடி பின்னால், பனியனைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு காளியப்பன்.

வெளி வாசலில் ஒப்பாரி அறுந்தது. உள்ளே கொஞ்ச நேரம் கழித்துத்தான் அறுந்தது.

"எவன் ஊட்டு எழவு இது?" என்றார் கவுண்டர், தன் வீட்டு வாசலைப் பார்த்து.

நல்லம்மாள் தம்பியின் முகத்தைத் தடவினாள், தோளைத் தடவினாள், கையை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். பிறகுதான் காளியப்பனைப் பார்த்தாள். அவள் வையவில்லை. வைதிருந்தால் அவனுக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

"ரெண்டு வாட்டி கூப்புட்டனேடா. நின்னு ஒரு சொல்லு சொல்லியிருக்கக் கூடாதா? உங்கப்பன் என்னய ஒரு நாளும் அப்புடித் தாண்டிப் போனதில்லடா."

காளியப்பன் கக்கத்துப் பனியனை இறுக்கிக்கொண்டான்.

பெரியவர்களுக்கு இப்போது வேறு கவலை வந்துவிட்டது. கோடியை என்ன செய்வது? சாவுக்கென்று கிளம்பிய கோடி வாங்கிய வீட்டுக்குத் திரும்பக் கூடாது. உயிரோடு இருக்கிறவர் வீட்டில் வைத்தாலோ, நினைக்கவே வேண்டாம். எரிக்கலாம் என்றார் ஒருவர். பிணமில்லாமல் கோடியை எரித்தால் அது ஆளைத் தேடும் என்றார் இன்னொருவர். கவுண்டர் ஒரு வழி கண்டுபிடித்தார்.

"அவன் காலு கொண்டாந்த எழவுதான. அவனூட்டுக்கே போவட்டும். ஏ புள்ள குஞ்சு, மடிய ஏந்து."

குஞ்சம்மாள் மடியை ஏந்தினாள். நாலு மணி நேரம் அவருக்காக அழுத கண்ணீர் அவள் கன்னத்தில் இன்னும் காயவில்லை.

* * *

பொழுது சாயும் நேரத்தில் வளவில் அவள் களியும் கொள்ளுச் சாறும் எடுத்து வைத்தாள். கோடியை வீட்டுக்குள் கொண்டுவரவில்லை. வேலிப் படல்மேல் கிடந்தது. அதைப் பார்க்கக் கூடாது என்று காளியப்பன் சுவரைப் பார்த்து உட்கார்ந்து தின்றான்.

"சொமை தூக்கறன்னுட்டுத்தான போன?"

"ம்."

"என்ன சொமைய்யா தூக்குன?"

அவன் சொன்னான். ஒன்றையும் மறைக்கவில்லை. அவள் கேட்டுக்கொண்டே பானையைச் சுரண்டினாள்.

"கப்பு எங்க இருக்குது?"

"பண்ணாடி ஊட்டுல. நடையில மாடத்துல வெச்சிருக்காங்க."

"மாலை?"

"கூட்டத்துல பண்ணாடி பெரியசாமிக் கவுண்டர முன்னால தள்ளி உட்டாரு, அவருக்குப் போட்டாங்க. போட்டோ புடிக்கறப்ப அவர நிக்க வெச்சாங்க. என்னய அக்கட்டால போய் நில்லுடான்னாங்க."

"ஓடுனது நீயி. கப்பு அங்க. கோடி இங்க." அவள் சத்தம் போடவில்லை, தொண்டையில் சத்தமும் இல்லை. "நம்மூட்டுல இருக்கறது ரெண்டு பேரு. அது யாருக்குன்னு வந்துருக்குதுய்யா?"

"அப்புடிச் சொல்லாத புள்ள."

"கெழவி ரோட்டுலயே மண்டயப் போட்டிருந்தா? கேட்டவங்களுக்குச் சொல்லோணும்னு எனக்குத் தெரியுது, உனக்குத் தெரியாதா? நம்மளுக்கு இருக்கறது அந்த ஒரு நாயந்தான. சொல்ற சேதி நெசமா இருக்கும்னுதான உன்னயக் கண்டு அழுவறாங்க."

அவன் கையிலிருந்த களியைத் திரும்பத் தட்டில் வைத்தான்.

"சேலத்துல அத்தன சனம் கை தட்டுச்சு, குஞ்சு."

"என்னன்னு சொல்லித் தட்டுச்சு?"

"பெரியசாமி, பெரியசாமின்னு."

"உனக்கு எப்புடி இருந்துச்சு?"

அவன் தட்டைக் கொஞ்சம் தள்ளி வைத்தான்.

"நல்லாத்தான் இருந்துச்சு" என்றான். "அதுதான் புள்ள எனக்கு வெக்கமா இருக்குது. நல்லா இருந்துச்சே. நாந்தான் பெரியசாமின்னு நானே நெனச்சுப்போட்டன்."

அவள் அவன் தட்டைப் பார்த்தாள். களி பாதிக்கு மேல் கிடந்தது. தின்னச் சொல்லவில்லை. எழுந்து போய், ஆட்டுக்குட்டி கோடியை இழுக்காமல் இருக்க அதைச் சுருட்டிப் படலில் மேலாக வைத்துவிட்டு வந்தாள்.

* * *

மூன்றாம் நாள் காலையில் சேலத்துச் சங்கத்துக்காரர் வந்தார். சைக்கிளில் கூடவே வந்தவர்தான். ரெண்டாவதாக வந்தவனின் ஊர்க்காரர்கள் மனு எழுதிப் போட்டிருந்தார்கள். ஓடியவன் வேறு, போட்டோவில் நிற்கிறவன் வேறு என்று. கையில் ஒரு நோட்டு இருந்தது. கவுண்டர் கட்டிலை இழுத்துப்போட்டு உட்காரச் சொல்லி, மோர் கொடுத்து, பெரியசாமியைக் கூப்பிட்டு நிறுத்தினார்.

"நீங்கதான் ஓடினீங்களா?"

"ஆமாங்க" என்றான் பெரியசாமி. உள்ளேயிருந்து வந்ததற்கே அவனுக்கு மூச்சு வாங்கியது.

சங்கத்துக்காரர் அவனைப் பார்த்தார். வெளி வாசலில், கிழிந்த தோல் சாலை மடியில் போட்டுத் தைத்துக்கொண்டிருந்த காளியப்பனைப் பார்த்தார்.

"பத்து மைலுக்கு மேல இந்த ஆள் முகத்தைப் பார்த்துக்கிட்டே சைக்கிள் மிதிச்சேன். இவன்தானே?"

"அவன் நம்ம பண்ணையத்தாளுங்க. கவலை ஓட்டறவன். மாதாரிங்க" என்று கவுண்டர் சிரித்தார். மாதாரி என்று சொன்னதே போதுமான அத்தாட்சி என்பது போல இருந்தது அந்தச் சிரிப்பு.

"அவனே சொல்லட்டும். ஏம்ப்பா, ஓடினது நீதானே?"

காளியப்பன் எழுந்து துண்டை இடுப்பில் கட்டினான். கவுண்டர் அவனைப் பார்க்கவில்லை. பார்க்க வேண்டிய அவசியம் அவருக்கு இல்லை.

"நானில்லைங்க சாமி. சின்னப் பண்ணாடிதானுங்க ஓடுனாரு" என்று பெரியசாமியின் பக்கம் கையைக் காட்டினான்.

சாணிக் கூடையோடு கட்டுத்தறியிலிருந்து வந்த குஞ்சம்மாள் அதைக் கேட்டாள். எங்கள் பக்கத்தில் பெண்கள் புருஷன் பேரைச் சொல்ல மாட்டார்கள். சொன்னால் அவன் ஆயுசு குறையும். சந்தையில் தொலைந்துபோனாலும் "எங்கூட்டுக்காரரு" என்றுதான் தேடுவார்கள். கல்யாணமாகிப் பதிமூன்று வருஷத்தில் அவளும் சொன்னதில்லை. கோடியே வீடு தேடி வந்துவிட்ட பிறகு குறைவதற்கு இனி என்ன ஆயுசு இருக்கிறது என்று நினைத்தாளோ என்னவோ, கூடையைக் கீழே இறக்கினாள்.

"காளியப்பன்" என்றாள்.

கட்டிப்போன குரல்தான். ஆனாலும் கட்டில்வரை கேட்டது.

"என்னம்மா?"

"ஓடுனது காளியப்பனுங்க. என்ற புருசன் காளியப்பன்."

"ஏய்!" என்று கவுண்டர் எழுந்தார். "நாக்க அறுத்துப்போடுவன் நாயே!"

அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பயத்தினால் அல்ல. இத்தனை ஆண்கள் நடுவில் புருஷன் பேரைச் சொல்லிவிட்ட வெட்கத்தினால். சங்கத்துக்காரர் நோட்டைத் திறந்து, பேனா மூடியைக் கழற்றி, காளியப்பன் என்று எழுதினார். எழுதிவிட்டு வழக்கப்படி அடுத்த கேள்வியைக் கேட்டார்.

"தகப்பன் பேர்?"

பெரியசாமி கவுண்டரைப் பார்த்தான். கவுண்டர் காளியப்பனைப் பார்த்தார், இந்தத் தடவை நேராகவே. குஞ்சம்மாள் வாயிலிருந்து முந்தானையை எடுக்கவில்லை.

காளியப்பனுக்குத் தலை நிமிரவில்லை. மண்ணைப் பார்த்துக்கொண்டுதான் நின்றான். ஆனால் கேட்டவருக்கு நின்று பதில் சொன்னான்.

"சென்றாயனுங்க. எழவு சொல்ற சென்றாயன். அவரு மகன் காளியப்பனுங்க நானு."